மணிக்கட்டுக்கு ஒரு கயிறு

தன் மனைவி ஷாமினிக்கு வாள் வாங்கித் தரப்போகும் செய்தியைக் கோகிலன் அவளுடைய முப்பத்து நான்காவது பிறந்தநாளன்று, கேக் வெட்டி முடித்த கையோடு, எல்லார் முன்னாலும் சொன்னான். ஈப்போவின் குனோங் ராபாட் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டின் முன்னறையில் பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"நகை வாங்கிக் கொடுக்குற புருசனப் பார்த்திருக்கேன். வாள் வாங்கிக் கொடுக்குற புருசன இப்பத்தான்லா பார்க்குறேன்" என்றாள் அவனுடைய அக்கா கலாதேவி. எல்லாரும் சிரித்தார்கள். ஷாமினியும் சிரித்தாள். உண்மையிலேயே அவளுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இரண்டு வருடமாக வகுப்பிலிருந்த பொது வாளைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்துப் பேரின் வியர்வை ஊறி, பிடியின் தோல் பிசுபிசுவென்று ஒட்டும்.

வாள்வீச்சு அவளிடம் வந்து சேர்ந்தது தற்செயலாக. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒருநாள் சில்வெஸ்டர் என்பவர் வந்தார். கம்பி வலை முகமூடிக்குள் கண்ணாடி நழுவாமல் நிற்க வேண்டும், அதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்றார். என்ன முகமூடி என்று இவள் கேட்டாள். ஐரோப்பாவின் பழைய வாள்வீச்சை முனை மழுங்கிய இரும்பு வாளால் சொல்லிக் கொடுப்பதாகவும், பழைய ஈப்போவில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் ஞாயிறு மூன்று மணிக்கு வகுப்பு என்றும் சொன்னார். சும்மா பார்க்கப் போனவள் அன்றைக்கே வாளைக் கையில் எடுத்துவிட்டாள்.

முகமூடியைப் போட்டுக்கொண்டால் அவள் முகத்தை யாரும் பார்க்க முடியாது. "முகம் வெளுத்திருக்கே, உட்காரு" என்று யாரும் சொல்ல முடியாது. அது போதும் அவளுக்கு.

ஏனென்றால் மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஒருமுறை வலிப்பு வந்தது. சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாணம் முடித்து, இரண்டு நாள் தூக்கமில்லாமல், அவள்தான் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் கோகிலன். அதன் பிறகு மூளைப் படம் எடுத்தார்கள், ஒரு வருடம் மாத்திரை கொடுத்தார்கள், பின்பு மாத்திரையையும் நிறுத்தி, இனி கார் ஓட்டலாம் என்று டாக்டர் கடிதமும் கொடுத்துவிட்டார். கோகிலன் அந்தக் கடிதத்தைப் பத்திரமாகக் கோப்பில் வைத்தான். கார் சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

அவன் லிஃப்டு பழுது பார்க்கும் வேலையில் இருப்பவன். கயிறு அறுந்தால் என்ன, பிரேக் பிடிக்காவிட்டால் என்ன என்று யோசிப்பதுதான் அவன் பிழைப்பு. வீட்டுக்கும் அந்த யோசனையைக் கொண்டுவந்தான். உள்ளே விழுந்துவிட்டால் திறக்க முடியாதே என்று குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி, ஆணித் துளைகளை வெள்ளை மாவு வைத்து அடைத்தான். காலையில் கடைக்குக் கொண்டுவிடுவான், மாலையில் அழைத்து வருவான், மதியம் இரண்டு தடவை போன் செய்வான். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. "உனக்கு வாய்ச்ச மாதிரி யாருக்கு வாய்க்கும்?" என்று கடையில் எல்லாரும் சொல்வார்கள். ஷாமினி சிரித்துவிட்டு, கையிலிருந்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்குவாள்.

பிறந்தநாள் முடிந்த அடுத்த சனிக்கிழமை இருவரும் செமோருக்குப் போனார்கள். ஊரைத் தாண்டி, முன்பு ரப்பர் பால் வடித்த கித்தா மரம் நின்ற இடத்தில் இப்போது செம்பனை நிற்கும் பழைய தோட்டத்து ரோட்டில், பிரமிளாவின் பட்டறை இருந்தது. பிரமிளாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டுக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்துகொண்டிருந்தவர், சில்வெஸ்டர் கொண்டுவந்த உடைந்த வாளொன்றை ஒட்டவைக்கப் போய், வாள் செய்யவே கற்றுக்கொண்டவர். இப்போது பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் அவரைத் தேடி வருகிறார்கள்.

"கையக் காட்டு" என்றார் பிரமிளா, வணக்கம் சொல்வதற்கு முன்பே. ஷாமினியின் உள்ளங்கையில் அளவு நாடாவை வைத்து, நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தார். "சின்னக் கை. ஆனா விரல் நீளம். பரவால்ல."

மேசைமேல் ஒரு நீளமான மரப்பெட்டி இருந்தது. திறந்தால் வரிசையாகப் பிடிகள். வாள் இல்லாத வெறும் பிடிகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சுற்று. ஷாமினிக்கு வளையல் கடைக்குள் வந்ததுபோல் இருந்தது.

"ஒன்னு ஒன்னா புடிச்சுப் பாரு. கண்ண மூடிக்கிட்டுப் புடி. பாக்க அழகா இருக்குறது வேற, கைக்கு ஒத்துவர்றது வேற."

முதலில் எடுத்தது பித்தளைக் கம்பி சுற்றியது. தங்கம் போல மின்னியது. கையுறை இல்லாமல் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் தோலை உரித்துவிடும் என்றார் பிரமிளா. அடுத்தது திருக்கை மீன் தோல், அரிசி பரப்பியதுபோல் நெருநெருவென்று. வியர்த்தாலும் வழுக்காது, ஆனால் கைக்குள் வாளைத் திருப்ப விடாது. அதற்கடுத்தது மாட்டுத்தோல், தடித்தது, மழை நாளில் ஊறிக் கனக்கும். கடைசியில் ஆட்டுத்தோல். உள்ளே சணல் நூலை வரிவரியாகச் சுற்றி, அதன்மேல் மெல்லிய தோலை ஈரத்தோடு இழுத்து ஒட்டியிருந்தார்கள். நூலின் வரிகள் தோலுக்கு மேலே எலும்புபோல் தெரிந்தன. நடுவில் இடுப்புபோல் ஒரு சிறு ஒடுக்கம். வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தது.

"ஏன் இப்படி நசுங்கின மாதிரி இருக்கு அக்கா?"

"வட்டமா இருந்தா வாளோட விளிம்பு எந்தப் பக்கம் நிக்குதுன்னு கைக்குத் தெரியாது. இது தெரியும். பாக்கவே வேணாம்."

ஷாமினி கண்ணை மூடிப் பிடித்தாள். தெரிந்தது. விரல்கள் தாமாகவே போய் அந்த ஒடுக்கத்தில் உட்கார்ந்தன.

"இதுதான்" என்றாள்.

"அவசரப்படாத" என்றான் கோகிலன். அவன் பெட்டியின் மறுமுனையில் நின்றிருந்தான். கையில் நீல நிற மெத்தைத் தோல் சுற்றிய தடித்த பிடி. "இதப் பாரேன், எவ்ளோ சாஃப்டா இருக்கு. உனக்கு நீலம் புடிக்கும்தானே?"

அவளுக்கு நீலம் பிடிக்கும். அதை மறுக்க முடியாது. வாங்கிப் பிடித்துப் பார்த்தாள். மெத்தைக்குள் விரல் புதைந்தது. இரும்பு எங்கோ தூரத்தில் இருந்தது.

"தெரியலங்க. கொஞ்சம் தடியா இருக்கு."

"பழகிடும்."

பிரமிளா பின்சுவரைக் காட்டினார். அங்கே கையைக் காக்கும் குறுக்கு இரும்புகளும், பிடியின் அடியில் எடைக்காகப் பூட்டும் குமிழ்களும் தொங்கின. கண்ணாடிபோல் மெருகேற்றியவை, மயிற்கழுத்து நீலத்தில் சூடேற்றியவை, எண்ணெயில் தோய்த்துக் கருக்கியவை.

"நம்ம ஊரு ஈரத்துக்குக் கண்ணாடி மெருகு ஆகாது. ரெண்டு நாள் தொடைக்காம விட்டா சொரசொரன்னு துரு வந்துரும். நீலம் அழகு, ஆனா கை படுற எடத்துல தேஞ்சிடும். கறுப்புதான் அடி தாங்கும். கீறல் விழுந்தாலும் தெரியாது."

"நீலப் பிடிக்கு நீல இரும்பு, செட்டா இருக்கும்" என்றான் கோகிலன்.

அந்த நேரம் அவனுக்குப் போன் வந்தது. கேம்பிங்கான் பக்கம் ஒரு கட்டடத்தில் லிஃப்டு நடுவில் நின்றுவிட்டதாம். சிக்னல் தேடிக்கொண்டு வெளியே போனான். ஷாமினி ஆட்டுத்தோல் பிடியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, வாளோட எடை எவ்ளோ வரும்? வகுப்பு வாள் மாதிரியே இருந்தா போதும்."

பிரமிளா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மேசையிலிருந்த ஓடர் தாளைத் திருப்பினார், மறுபடி மூடினார்.

"உன் வீட்டுக்காரர் உன்கிட்ட சொல்லலையா?"

"என்னத்த?"

பிரமிளா தாளை அவள் பக்கம் தள்ளினார். கோகிலனின் அழகான, சாய்வில்லாத கையெழுத்து. லிஃப்டு அறிக்கை எழுதும் அதே கையெழுத்து. தகடு: மெல்லியது, வளைந்து கொடுக்க வேண்டும். எடை: பாதி. முனை: கித்தா உருண்டை. பிடி: மெத்தைத் தோல். மணிக்கட்டுக்கு ஒரு கயிறு, வாளோடு சேர்த்து. அதன் கீழே ஒரு வரி: இவருக்கு வலிப்பு உண்டு, வாள் கை நழுவினால் மேலே விழக்கூடாது.

ஷாமினி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். உண்டு என்று எழுதியிருந்தான். ஒருமுறை வந்தது என்று எழுதவில்லை.

"இது சின்னப் புள்ளைங்களுக்கு நான் செய்யுற வாளு" என்றார் பிரமிளா மெதுவாக. "இத வச்சு நீ பெரியவங்களோட ஆட முடியாது. பட்டா தகடு மடங்கிரும். இத எழுதிக் கொடுத்தப்பவே நானும் கேட்டேன். அதுக்கு அவரு, கவலப்படாதீங்க அக்கா, அங்க யாரும் அவள ஓங்கி அடிக்க மாட்டாங்க, சில்வெஸ்டர் அண்ணேகிட்ட ஏழு மாசம் முன்னாடியே பேசிட்டேன்னாரு."

ஏழு மாதம்.

ஏழு மாதத்துக்கு முன்னால் தோள்பட்டையில் கறுப்பாகக் கன்றிய ஓர் அடியோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். கோகிலன் ஐஸ் வைத்து ஒத்தடம் கொடுத்தான். அதுவரை ஒன்றரை வருடமாக அவள் தோற்றுக்கொண்டுதான் இருந்தாள். அதன் பிறகுதான் ஜெயிக்கத் தொடங்கினாள். வாரத்துக்கு ஒன்று, பிறகு இரண்டு, போன மாதம் வகுப்பிலேயே உயரமான ஆளை ஐந்துக்கு இரண்டு என்று. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் அதை அடி அடியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கோகிலன் சிரித்துக்கொண்டே கேட்டான். "நீ கில்லாடிலா" என்றான்.

யார் யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும். முகமூடிக்குள் தான் மறைந்திருப்பதாக நினைத்திருந்தாள். எதிரே நின்ற ஒவ்வொருவரும் வாளை ஓங்கி, கடைசிக் கணத்தில் அடக்கி, மெல்லத் தட்டி, அவளுடைய அடிக்கு இடம் விட்டு நின்றிருக்கிறார்கள். அந்த உயரமான ஆள் வகுப்பு முடிந்து கைகுலுக்கியபோது ஏன் கண்ணைப் பார்க்கவில்லை என்பது இப்போது புரிந்தது.

கோகிலன் உள்ளே வந்தான். தாள் அவள் முன்னால் இருப்பதைப் பார்த்தான்.

"சில்வெஸ்டர் அண்ணேகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ஷாமி, வீட்டுல போய்ப் பேசலாம்."

"இங்கயே சொல்லுங்க."

"கொஞ்சம் பாத்து ஆடுங்கன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு? தலையில அடிபட்டா மறுபடி ஃபிட்ஸ் வரும்."

"டாக்டர் அப்படிச் சொல்லவே இல்ல."

"டாக்டர் அன்னிக்குக் கார்ல இல்ல. நான்தான் இருந்தேன்."

"நான் ஜெயிச்சேன்னு வந்து சொன்னப்பல்லாம் சிரிச்சிக்கிட்டே கேட்டீங்களே."

"நீ எவ்ளோ சந்தோசமா இருந்தே. அத நானே கெடுக்கணுமா?" அவன் கண் கலங்கிவிட்டது. கையிலிருந்த போனை மேசையில் வைத்தான், மறுபடி எடுத்தான். "உனக்கு எதுவும் ஞாபகம் இல்ல ஷாமி. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. எதிர்ல லோரி. நீ ஸ்டியரிங்ல சாஞ்சு கிடந்தே. ஹேண்ட்பிரேக்க இழுத்தேன். உன் கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. என்னைப் பாக்கல. பேரு சொல்லிக் கூப்புட்டேன், கன்னத்துல தட்டுனேன், பாக்கல. நாலு நிமிசம்."

இந்த நாலு நிமிடத்தை அவன் இதுவரை அவளிடம் சொன்னதில்லை. ஷாமினிக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கட்டிப்பிடித்தால் இதோடு முடிந்துவிடும், நீல மெத்தைப் பிடியோடு வீட்டுக்குப் போய்விடுவோம் என்பதும் தெரிந்தது. கையை மேசையின் விளிம்பில் ஊன்றிக்கொண்டாள்.

"அக்கா, இந்தத் தாள எடுத்துருங்க. வேற எழுதுங்க" என்றாள்.

பிரமிளா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தா பாரும்மா, ஓடர் கொடுத்தது தம்பி. அவரு சொல்றததான் நான் செய்யணும். புருசன் பொஞ்சாதி சண்டைய என் பட்டறையில வைக்காதீங்க, எனக்குச் சூசா, தொந்தரவு."

"அப்ப அவரு ஓடர் வேணாம். எனக்கு நானே கொடுக்கறேன்."

"ஷாமி."

"எழுதுங்க அக்கா. வகுப்பு வாள் எடை. முனை சாதாரண முனை. ஆட்டுத்தோல், சணல் மேல. முட்டை வடிவம். இரும்பு கறுப்பு, எண்ணெயில கருக்குனது." பழைய தாளை அவர் பக்கம் தள்ளினாள். "கயிறு வேணாம்."

பிரமிளா புதிய தாள் ஒன்றை உருவி எடுத்தார். எழுதினார். கோகிலன் தடுக்கவில்லை. நீலப் பிடியை அது இருந்த இடத்தில், மற்றப் பிடிகளோடு நேராக நிற்கும்படி வைத்தான்.

வெளியே வெயிலில் கண் கூசியது. காருக்குப் பக்கத்தில் போனதும் ஷாமினி கையை நீட்டினாள்.

"நான் ஓட்டறேன்."

அவன் தலையை ஆட்டினான். கோபமாக இல்லை. முடியாது என்று, ஏதோ அவனால் தூக்க முடியாத பாரத்தைத் தூக்கச் சொன்னதுபோல் ஆட்டினான். அவள் திரும்பி ரோட்டில் நடக்கத் தொடங்கினாள். கைப்பையும் போனும் காருக்குள்ளேயே இருந்தன. ஜீன்ஸ் பையில் ஒரு பத்து வெள்ளி நோட்டு இருந்தது நினைவிருந்தது.

நூறு அடி போவதற்குள் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. கோகிலன் காரை அவள் நடக்கும் வேகத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்தான். இரண்டு பக்கமும் எச்சரிக்கை விளக்கு மின்னியது. ஹாரன் அடிக்கவில்லை. வேகமாக நடந்தால் அவனும் வேகமாக வந்தான். நின்றால் நின்றான். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று பின்னால் வந்து மாட்டிக்கொண்டு நீளமாக ஹாரன் அடித்தது. கோகிலன் கண்ணாடியை இறக்கி, கையால் சைகை காட்டி, லோரியைக் கடந்து போகச் சொன்னான். வழிவிட்டபின் மறுபடி அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தான்.

மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஒரு நாய் குரைத்தது. ஒரு கடை வாசலில் சீனக் கிழவர் ஒருவர் அவளையும் காரையும் பார்த்து, ஏதோ ஊர்வலம் போல என்று எழுந்து நின்றார். ஷாமினிக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. எவ்வளவு தூரம் நடந்தாலும் அந்த எஞ்சின் சத்தம் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. இந்த ரோடு தாய்லாந்து வரைக்கும் போனாலும் இவன் இப்படியே வருவான் என்று நினைத்தாள்.

செமோர் நிறுத்தத்தில் பஸ் ஏறினாள். பின் கண்ணாடியில் பார்த்தாள். கார் வந்துகொண்டிருந்தது. ஈப்போவின் மேடான் கிட் பஸ் நிலையம் வரை வந்தது. அவள் இறங்கியதும் அவன் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். கால் வலித்தது, தாகமாக இருந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.

ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அவள் பஸ்ஸில்தான் போனாள். இரண்டு மணிக்கே கிளம்பி, "பஸ்ல போறேன்" என்று மட்டும் சொன்னாள். கார் பின்னால் வந்தது. மருந்துக் கடைக்கு எதிரே நின்றது.

மாடியில் சில்வெஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாம் தெரிஞ்சிருச்சு அண்ணே" என்றாள். அவர் முகம் சிவந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவரு அழுதாரும்மா. எனக்கு எப்படி முடியாதுன்னு சொல்றதுன்னு தெரியல."

"இனிமே முன்ன மாதிரி அடிக்கச் சொல்லுங்க. இல்லாட்டி நான் வரல."

அன்று ஏழு ஆட்டம் ஆடினாள். ஏழிலும் தோற்றாள். உயரமான ஆள் முதல் அடியை அவள் முகமூடியின் உச்சியில் போட்டான். மணி அடித்ததுபோல் இருந்தது. கண்ணுக்குள் வெள்ளை வெளிச்சம் வந்து போனது. அவள் அப்படியே நின்று, அது வேறு எதுவுமில்லை என்று தெரியும்வரை காத்திருந்தாள். பயமாகத்தான் இருந்தது. பிறகு வாளை உயர்த்தினாள்.

அடுத்த ஞாயிறும் கார் வந்தது. வீட்டில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஒன்றாகத் தொலைக்காட்சி பார்த்தார்கள். கடைக்கு வழக்கம்போல் அவன்தான் கொண்டுவிட்டான். குளியலறைத் தாழ்ப்பாளைப் பற்றி ஒருமுறை கேட்டாள். "பாக்கலாம்" என்றான். அவளும் விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் இரண்டு மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் வேறு யாரோடும் அவளால் சண்டை போட முடியவில்லை.

மூன்றாவது ஞாயிறு, வகுப்பு முடிந்து திரும்பும் பஸ்ஸில் ஏறியவள் பழக்கத்தில் பின் கண்ணாடியைப் பார்த்தாள். கார் இல்லை. வேறு ரோட்டில் வருகிறானோ என்று அடுத்த சிக்னலில் பார்த்தாள். இல்லை. மூன்றாவது சிக்னலில் இருக்கையிலிருந்து எழுந்து நின்று பார்த்தாள். எங்காவது இடித்துவிட்டானா? போனைக் கையில் எடுத்தாள். அவன் பெயர்மேல் விரல் வைத்தாள். அழுத்தவில்லை. பிறகு அழுத்தாததற்காகவும் பயந்தாள்.

குனோங் ராபாட்டில் இறங்கி ஏறக்குறைய ஓடினாள். கார் வாசலில்தான் நின்றது. கேட்டைத் திறந்தாள். கோகிலன் முன்னறை சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். வெளியே போகும் சட்டை, கால்சட்டை. வீட்டுக்குள் செருப்புகூடப் போடாதவன், காலில் காலணி போட்டு நாடாவும் கட்டியிருந்தான். அவள் பின்னால் வரத் தயாராகி, கிளம்பாமலே உட்கார்ந்துவிட்டிருந்தான்.

கதவுச் சத்தத்தில் கண் விழித்தான். மணியைப் பார்த்தான். அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். முன்கையில் புதிதாக ஓர் அடி நீலமாகக் கன்றியிருந்தது. அவன் பார்வை அதில் நின்றது.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"ஐஸ் இருக்கு" என்றான். எழுந்திருக்கவில்லை.

ஷாமினி சமையலறைக்குப் போய்த் தானே ஐஸ் கட்டியை எடுத்துத் துண்டில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது அவன் குனிந்து நாடாவை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு இறுகியிருந்தது. அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"எல்லாத்துலயும் தோத்துட்டேன்" என்றாள்.

"எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டான் கோகிலன், தலை நிமிராமல்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.